பழைய ஸ்கோப் மங்கலா தெரியுது, ரிப்பேரா புதுசா? அவசரம்

வண்டன்மேடு_கண்ணன்:
தாத்தா எஸ்டேட்ல வச்சிருந்த பழைய ஸ்கோப் (துப்பாக்கி மேல மாட்டிக் குறி பாக்குற தொலைநோக்கி), அமெரிக்கா மேக். எதைப் பாத்தாலும் மங்கலா இருக்கு. குறியும் நிக்க மாட்டேங்குது, நாலு குண்டு போட்டா நாலு இடத்துல விழுது. கம்பம், தேனி பக்கம் ரிப்பேர் பண்ற ஆள் யாராச்சும் இருக்காங்களா? இல்லாட்டி ஆன்லைன்ல 4,000 ரூவாய்க்கு 3-9×40 (3-லிருந்து 9 மடங்கு பெருசா காட்டும், முன் கண்ணாடி 40 மி.மீ.) ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், வாங்கிறவா? ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்.

தென்காசி_தம்பி:
எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்தத் துப்பாக்கி? போட்டோ போடுங்கண்ணே.

கூடலூர்_பிரேம்:
மங்கல்னா எப்படி மங்கல்? காலையில மங்கி வெயில் ஏறுனதும் தெளிஞ்சா உள்ள ஈரம் போயிருக்கு, சீல் போச்சுன்னு அர்த்தம். நாள் பூரா ஒரே மாதிரி இருந்தா வேற வியாதி.

ஆடியும்_வில்லையும்:
"மங்கல்", "அமெரிக்கா மேக்". இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நோய் கண்டுபிடிக்க நாங்கள் ஜோசியர்கள் அல்ல. கேள்வி கேட்பது எப்படி என்று மேலே ஒட்டி வைத்திருக்கிறோம், யாரும் படிப்பதில்லை. போகட்டும். வண்டன்மேட்டு ஈரத்தில் பல வருடம் பெட்டிக்குள் கிடந்தது என்றால் பூஞ்சைதான், வேறெதுவும் இல்லை. ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் சாய்வாகப் பாருங்கள். நூல் நூலாகக் கிளை பிரிந்திருக்கும். அது கக்கும் அமிலம் வில்லையின் மேல்பூச்சை அரித்துவிடும். அரித்த பிறகு துடைத்துப் பயனில்லை.

சித்தூர்_கவுண்டர்:
எல்லாத்துக்கும் பூஞ்சைன்னே சொல்லாதீங்க சார். அந்தக் காலத்து ஸ்கோப்புல ரெண்டு கண்ணாடிய சேத்து கனடா பால்சம்னு ஒரு மரப்பிசின்ல ஒட்டியிருப்பாங்க. வெயில்லயும் குளிர்லயும் மாறி மாறிக் கிடந்தா பிசின் விட்டுப்போகும். ஓரத்துல வானவில் மாதிரி கலர் தெரிஞ்சா அதுதானுங்க. எங்க பாலக்காட்டுச் சூட்டுல இப்படிப் போனது நெறைய பாத்திருக்கேன். பிரிச்சு, புது பசை போட்டு, நடுமையம் தப்பாம ஒட்டோணும். வீட்டுல ஆகாதுங்க.

குமுளி_ஷாஜி:
பழசுக்குக் காசு கொட்டாதீங்க பாய். புதுசுல நைட்ரஜன் அடைச்சு வருது, பனி பிடிக்காது. முடிஞ்சது கதை.

ஆடியும்_வில்லையும்:
நாலாயிரம் ரூபாய் ஸ்கோப்பில் அட்டைப்பெட்டி மேல்தான் நைட்ரஜன் இருக்கும்.

வண்டன்மேடு_கண்ணன்:
வீவர் கே4. குழல்ல எல் பாசோ, டெக்சாஸ்னு பொறிச்சிருக்கு. போட்டோ அப்புறம் போடுறேன், தோட்டத்துல இருக்கேன், சிக்னல் இல்ல. நூல், வானவில் ஒண்ணும் தெரியல. நாள் பூரா மங்கல்தான். பின்னாடி கண்ணாடியைக் கழட்டிப் பாக்கவா?

கூடலூர்_பிரேம்:
கழட்டாதீங்க! உள்ள இருக்கிற குறுக்குக்கம்பி தலைமுடியை விட மெல்லிசு. துணி பட்டாலே அறுந்துரும், ஊதுனாக்கூட ஆபத்து. அப்படியே கழட்டினாலும் மரை எந்த இடத்துல நிக்குதுன்னு மொதல்ல கோடு போட்டு வைக்கணும், இல்லாட்டி போகஸ் திரும்பக் கிடைக்காது.

சித்தூர்_கவுண்டர்:
எல் பாசோன்னா நல்ல சரக்குங்க, இரும்புக் குழல். அந்த பேக்டரி 1984-ல மூடிட்டாங்க. அதே பேருல அப்புறம் வந்ததெல்லாம் வேற. குறி சரிபண்ணத் திருகும்போது உள்ள குறுக்குக்கோடு நடுவுல இல்லாம ஓரமா நின்னா பயப்படாதீங்க, பழசுல அப்படித்தான் இருக்கும். ஜெர்மன் ஸ்கோப்பா இருந்தா வேற தொல்லை. குழல் 26 மி.மீ., ஸ்கோப்பைத் துப்பாக்கியில பிடிக்கிற வளையம் நம்ம ஊர்ல கிடைக்கிறது 25.4. இறுக்கினீங்கன்னா குழல் நசுங்கிரும்.

தென்காசி_தம்பி:
எந்தத் துப்பாக்கின்னு இன்னும் சொல்லல.

குமுளி_ஷாஜி:
ஞாயித்துக்கிழமை அவசரம்னா எனக்குப் புரியுது. ஏலத்தோட்டத்துல பன்னி இறங்கியிருக்கும். கேரளாவுல இப்ப பஞ்சாயத்துத் தலைவரே பன்னிய சுடச் சொல்லலாமே.

ஆடியும்_வில்லையும்:
பாதி மட்டும் படித்துவிட்டு எழுதாதீர்கள். 2022-ல் கேரள அரசு ஊராட்சித் தலைவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது உண்மை. ஆனால் சுடுவது லைசன்ஸ் துப்பாக்கி உள்ளவர். வெடி, விஷம், மின்சாரம் எதுவும் கூடாது. கையில் துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லாம் கிளம்ப முடியாது.

கம்பம்_பாண்டி:
இந்தப் பக்கம் அதுவும் இல்ல. 2025-ல தமிழ்நாடு போட்ட ஆணைப்படி காப்புக்காட்டுல இருந்து 3 கி.மீ. தாண்டி வந்த பன்னிய வனத்துறைதான் சுடணும். எங்க தோட்டம் காட்டு ஓரத்துலயே இருக்கு. ஒரு ராத்திரியில வாழை பூராவும் சாஞ்சு கிடக்கு, பன்னி என்ன டேப்பு வச்சு அளந்துட்டா வருது?

குமுளி_ஷாஜி:
அதைத்தான் சொல்றேன். மேட்டுக்கு அங்கிட்டு ஒரு சட்டம், இங்கிட்டு ஒரு சட்டம்.

ஆடியும்_வில்லையும்:
இது ஸ்கோப் பற்றிய இழை.

கம்பம்_பாண்டி:
ஸ்கோப்புக்காரரைத்தான் காணோமே.

வண்டன்மேடு_கண்ணன்:
புத்தடியில ஏலக்காய் ஏலத்துக்குப் போயிருந்தேன், இப்பதான் பாக்குறேன். பன்னியெல்லாம் இல்லங்க! ஏர் ரைபிள்தான், .177 அங்குலக் குழல், ஸ்பிரிங் வச்சது. மொட்டை மாடியில பத்து மீட்டர்ல டப்பா வச்சு அடிக்கிறது. ஞாயித்துக்கிழமை மச்சான்கூட பந்தயம். ஏர் ரைபிள்னு சொல்லணுமா? ஸ்கோப் எல்லாம் ஒண்ணுதானே?

தென்காசி_தம்பி:
😂😂😂

கூடலூர்_பிரேம்:
அண்ணே, இதை மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பேர் கத்த வேண்டியதே இல்ல. பெரிய ரைபிளுக்குச் செஞ்ச ஸ்கோப்பை நூறு கஜத்துக்குத் தக்க போகஸ் வச்சு அனுப்புவாங்க. கே4-ல அதை மாத்த வெளிய திருகு கிடையாது. பத்து மீட்டர்ல மங்கலாத்தான் தெரியும், கண்ணைக் கொஞ்சம் நகத்துனாலும் குறி நகரும். மாடியில நின்னு தூரத்துல செல்போன் டவரைப் பாருங்க, தெளிவா தெரிஞ்சா மங்கலுக்குக் காரணம் தூரம்தான்.

ரெண்டாவது, ஸ்பிரிங் துப்பாக்கி மொதல்ல பின்னாடி உதைக்கும். பிஸ்டன் முனைக்குப் போய் நிக்கிறப்ப முன்னாடியும் உதைக்கும். பழைய ஸ்கோப் எல்லாம் ஒரு பக்க உதைக்குத்தான் செஞ்சது. முன்னாடி உதை வாங்குனா உள்ள இருக்கிற கண்ணாடியும் கம்பியும் ஆட்டம் கண்டுரும், வளையமும் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி நழுவும். உங்க நாலு குண்டு நாலு இடம் அதனாலதான். இன்னைக்கே கழட்டிருங்க.

புதுசு வாங்குனா ஏர் கன்னுக்குன்னே செஞ்சது, முன் கண்ணாடியைச் சுத்தி இருக்கிற வளையத்தைத் திருகி போகஸைப் பத்து மீட்டருக்குக் கொண்டு வர்ற மாதிரி வாங்குங்க. மவுண்ட் (ஸ்கோப்பைப் பிடிக்கிற வளைய செட்) 11 மி.மீ., நழுவாம இருக்க தடுப்பு ஊசி உள்ளதா பாத்து வாங்குங்க. நீங்க பாத்து வச்ச 3-9×40-ல இந்தத் திருகு இருக்கா?

சித்தூர்_கவுண்டர்:
.177, குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்குள்ளன்னா லைசன்ஸ் வேண்டாங்க. .22 பக்கம் போயிராதீங்க, அதுக்கு வேணும்.

வண்டன்மேடு_கண்ணன்:
டவர் தெளிவா தெரியுது. ஏணி கூட எண்ணலாம். 3-9×40-ல திருகு இல்லயாம். நன்றி.

ஆடியும்_வில்லையும்:
டவர் தெரிவதால் பூஞ்சை இல்லை என்று ஆகிவிடாது. ஆரம்ப நிலையில் இப்படித்தான் தெரியும். சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவில் மூடி வையுங்கள்.

குமுளி_ஷாஜி:
இனி அது உங்களுக்கு எதுக்கு பாய், விக்கிறதா இருந்தா சொல்லுங்க.

சித்தூர்_கவுண்டர்:
நான் முந்திக் கேட்டேன்னு வச்சுக்கோங்க.

கம்பம்_பாண்டி:
பந்தயம் எவ்வளவுக்கு?