செமான்டிக் வெப் பதிப்புத்துறையில் ஏன் எடுபடவில்லை?

உப்புவெளி வாசகன்:
திருகோணமலை வரலாற்று நூல்கள் போடும் சிறு பதிப்பகமொன்றுக்கு இணையப் பட்டியல் செய்கிறோம். பக்கத்தில் இருப்பது நூலா, ஆசிரியரா, ஊரா என்று கணினிக்கும் புரியும்படி எழுதுவதுதானே செமான்டிக் வெப்? அதற்கான தரவு வடிவமான ஆர்டிஎஃப் 1999இலேயே இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாகிவிட்டது. பிறகும் பதிப்பகங்கள் ஏன் தொடுவதில்லை? நாங்கள் மினக்கெடலாமா?

நிரல்காரன்:
காசுதான் முதல் காரணம். குறிச்சொல் போடும் வேலை பதிப்பகத்துக்கு, பலன் தேடுபொறிக்கு. வெளிநாட்டு விநியோகஸ்தர்கள் கேட்பதும் நூல் விவரங்களைப் பரிமாறும் ஓனிக்ஸ் கோப்பைத்தான்.

அடுத்தது அடையாள எண். ஐஎஸ்பிஎன் பதிப்பைக் குறிக்கும், படைப்பை அல்ல. ஒரே நாவலின் கெட்டி அட்டைக்கு ஒன்று, மெல்லட்டைக்கு ஒன்று, இபப் மின்னூலுக்கு இன்னொன்று. மூன்றும் ஒரே நாவல் என்று யாராவது தனியே எழுதிவைக்க வேண்டும். அதற்குச் சம்பளம் யார் கொடுப்பது? எழுத்தாளர் பெயரில் தலைப்பெழுத்து விடுபட்டாலே கணினிக்கு அவர் இரண்டு ஆள்.

தட்டெழுத்து அக்கா:
தம்பி, அதுக்கு முதல் எழுத்துருவைப் பாருங்கோ. பழைய பக்கங்கள் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், பிடிஎஃப்பில் பிரதி எடுக்கேக்க ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றினாலும் 'கௌ' பல இடத்தில் 'கெ'யும் 'ள'வுமாகப் பிரிஞ்சு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் அகப்படாது.

உப்புவெளி வாசகன்:
நன்றி அக்கா. அப்ப எதில் தொடங்குவது?

நிரல்காரன்:
முழு ஆர்டிஎஃப் களஞ்சியம் வேண்டாம். தேடுபொறிகள் சேர்ந்து வகுத்த ஸ்கீமா டாட் ஆர்க் சொற்களை, பக்கத்துக்குள்ளேயே தரவை எழுதும் ஜேசன்-எல்டி வடிவில் போடுங்கள். நூலுக்கொரு பக்கம், 'புக்' வகை. பதிப்புகள் 'ஒர்க்எக்ஸாம்பிள்' (படைப்பின் பதிப்பு) என்ற புலத்தின் கீழே, ஐஎஸ்பிஎன் ஒவ்வொன்றிலும். திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை எல்லாவற்றுக்கும் விக்கிடேட்டா என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் உள்ள ஒரே முகவரி. தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்க முகவரிகளை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.