செவ்வாய்ப்பேட்டைப் பழைய வீட்டைச் செப்பனிடுவதா, அழகாபுரத்துக்குக் குடிபோவதா?

பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை:

அனைவருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் தாத்தா கட்டிய வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வசிக்கிறேன். சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ், பதினோரு அடி உயரக் கூரை. முன்னறையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது திண்ணைக்கு ஏற மூன்று படிகள் இருந்தன. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்து, இன்று ஒரு படிதான் வெளியே தெரிகிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் நடைவரை வந்துவிடுகிறது. சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்கிறது. சென்ற வாரம் சமையலறை உத்தரத்தின் முனையில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது.

டெரஸின் மேல் நான்கு அங்குலம் கான்கிரீட் போட்டு, சுவர் முழுவதும் சிமெண்ட் பூசித் தர 18 லட்சம் ஆகும் என்கிறார் ஒப்பந்தக்காரர். சேலத்திலேயே அழகாபுரத்தில் 60 லட்சத்துக்கு ஒரு தனி வீடு விலைக்கு வருகிறது. இந்த வீட்டை விற்றாலும் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். அம்மாவுக்கு 74 வயது, இங்கிருந்து நகர மனமில்லை. அப்பா உயில் எழுதாமல் காலமானார். தங்கை ஈரோட்டில் இருக்கிறாள். எது சரியென்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், அஸ்தம்பட்டி:

ஐயா, அந்த ஒப்பந்தக்காரர் சொன்ன இரண்டு வேலைகளையும் தயவுசெய்து செய்யாதீர்கள். நான்கு அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்கு ஏறத்தாழ 22 கிலோ எடை வரும். பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றின் மேல் மட்டும் இரண்டரை டன்னுக்கு மேல் ஏறும். முனை இற்றுப்போன உத்தரத்தின் தலையில் அதை ஏற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். ஒழுகல் இருந்தால் பழைய தட்டோட்டை எடுத்துவிட்டு, வெடித்த சுண்ணாம்புத் தளத்தை மட்டும் சரிசெய்து, மீண்டும் ஓடு பதிக்கலாம். ஒவ்வொரு உத்தரத்தையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வருமிடத்தில் மரம் கெட்டிருக்கிறது. சுவருக்குள் செல்லும் முனை மட்டும் கெட்டிருந்தால், முதலில் முட்டுக் கொடுத்துவிட்டு, அந்த முனையை வெட்டி இரும்புச் சட்டம் தாங்கும்படி செய்துவிட முடியும். முழு உத்தரத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

ஓதத்தைப் பொறுத்தவரை, மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புச் சுவரின் வழியாக வெளியே காய்ந்துபோக வேண்டும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைப்பதால், ஈரம் இன்னும் மேலே ஏறும். மாசியிலேயே கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்து, கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு என்றாலும், தேடினால் கிடைப்பார்கள்.

உண்மையான சிக்கல் தெருமட்டம்தான். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021-இல் அறிவுறுத்தியிருந்தார்; அடுத்த முறை சாலை போட வரும்போது மாநகராட்சியிடம் அதை எழுத்தில் கேளுங்கள். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். உங்கள் தெருவில் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்குமென்பதால் அது ஆகாது. ஆனால் பதினோரு அடி உயரம் உங்களுக்குப் பெரிய வரம்: தரையை ஒன்றரை அடி உயர்த்தினாலும் ஒன்பதரை அடி மிஞ்சும். வாசற்கால்களைப் பெயர்த்து உயர்த்திப் பொருத்தும் வேலைதான் கூடுதல்.

முன்பு சேலம் குகைப் பகுதியில் வசித்தவர்:

நாங்கள் ஆறு ஆண்டுகளுக்கு முன் குகைப் பகுதியிலிருந்து கொண்டலாம்பட்டிப் பக்கம் புது வீட்டுக்கு வந்தோம். வீட்டில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளுக்குத் தனி அறை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் உண்டு. ஆனால் என் அத்தை காலையில் வாசல் தெளித்துவிட்டு யாரிடமும் பேச ஆளின்றி நின்றுகொண்டிருப்பதை முதல் ஆண்டு முழுவதும் பார்த்தேன். உங்கள் தொழிலையும் எண்ணிப் பாருங்கள். கொலுசு ஒரே இடத்தில் முடிவதில்லை. கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று கைமாறி வருவது. அழகாபுரம் போனால், இதுவரை நடந்தே போய்க் கொடுத்த வெள்ளியைத் தினமும் வண்டியில் கொண்டுபோக நேரும்.

பத்திர எழுத்தர்:

செங்கல் வாங்குமுன் பத்திரத்தைப் பாருங்கள். வீடு தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு எப்படி வந்தது என்பதை மூலப்பத்திரம் காட்டும். அது அப்பாவின் தனிச்சொத்து எனில், உயில் இல்லாததால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சமபங்கு. பிரிக்காத சொத்தில் 18 லட்சத்தைப் போட்டுவிட்டுப் பிறகு பேச்சு எழுந்தால், மனக்கசப்புதான் மிஞ்சும். தங்கை விருப்பத்தோடு தன் பங்கை உங்களுக்கு விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால், குடும்பத்தினருக்குள் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அவருக்கு உரிய தொகையைக் கொடுத்து வாங்குவதே முறை. அழகாபுரத்து வீட்டுக்கோ முத்திரைத் தீர்வை 7, பதிவு 2 என 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் தனியாக வேண்டும்.

பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு தங்கையிடம் பேசினேன். அடுத்த ஞாயிறு வருகிறாள், அம்மா முன்னிலையில் தொகையைப் பேசி முடிக்கிறோம். சமையலறை உத்தரத்துக்கு இன்று காலையே இரண்டு சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டேன். மற்றவற்றைத் தட்டிப் பார்த்ததில் இன்னும் ஒன்றே மந்தமாக ஒலிக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் தெரிவியுங்கள்.