நம் வீடு குழு: பிரபுவின் சைக்கிள்

சித்தி: பிரபுவின் சைக்கிளை ஒரு கார் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. காறை எலும்பில் முறிவு. தலையில் அடி இல்லை. ஹெல்மெட்டில்தான் விரிசல். யாரும் பதற வேண்டாம்.

அம்மா: ஐயோ. எப்போது? கூட யார் இருக்கிறார்கள்?

சித்தி: நேற்று சாயங்காலம். நான்தான் அக்கா. வேறு யார் வருவார்கள்?

சின்ன மாமா: நாளை வருகிறேன். வண்டி நம்பர் பார்த்தானா?

பிரபு: இல்லை மாமா. பின்னாலிருந்து வந்தது. அதன் கண்ணாடி கைப்பிடியில் இடித்தது. நேர் எதிரே சூரியன் வேறு.

சின்ன அத்தை: நிலா இனிமேல் சைக்கிளில் பள்ளிக்குப் போக வேண்டாம்.

நிலா: அம்மா!!

பெரிய மாமா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். நகரத்தில் சைக்கிள்காரருக்கு ஆபத்து பெரும்பாலும் சந்திப்புகளில், திரும்புகிற வண்டியால். கிராமச் சாலையில் சந்திப்பு குறைவு, வேகம் அதிகம். அங்கே உயிர் போகும் விபத்துகளில் பின்னாலிருந்து மோதுவதுதான் முக்கியமான வகை.

பெரிய மாமா: 80 கி.மீ. வேகத்தில் போகிற கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடும். பார்த்து, பிரேக் அடித்து, நிற்பதற்குள் 50 மீட்டருக்கு மேல் போய்விடும். 40 வேகம் 80 ஆனால் இடியின் ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. சூரியன் கண்ணில் அடித்தால் முன்னால் போகிற சைக்கிளே தெரியாது.

சின்ன மாமா: உள்ளேன் ஐயா.

நிலா: அப்படியென்றால் நான் எதிர்ப்பக்கமாகவே போகட்டுமா பெரியப்பா? வருகிற வண்டி தெரியுமே.

பெரிய மாமா: கூடவே கூடாது. அது நடப்பவர்களுக்கு. கார் 60, நீ 15 என்று வை. ஒரே திசையில் போனால் 45 வேகத்தில் நெருங்கும். எதிரெதிரே என்றால் 75. கிளைச்சாலையிலிருந்து ஏறுகிறவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

சித்தி: இவன் ஓரத்தை ஒட்டித்தான் போயிருக்கிறான் அண்ணா.

பெரிய மாமா: ஒட்டினால்தான் வம்பு. இடம் இருக்கிறது என்று உரசிக்கொண்டு முந்துவார்கள். தார் விளிம்பிலிருந்து அரை மீட்டருக்குக் குறையாமல் உள்ளே, வளையாமல் நேராகப் போக வேண்டும். சக்கரம் விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் அப்படியே சாய்த்து ஏற்றக் கூடாது. வழுக்கிச் சாலைக்குள்ளேயே விழுவாய். நின்று, தூக்கி வை.

அம்மா: அப்பாவின் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கியது நீங்கள்தானே அண்ணா?

சின்ன மாமா: அந்தச் சைக்கிள் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள் அக்கா.

பெரிய மாமா: அதை இங்கே பேச வேண்டாம்.

சின்ன மாமா: எங்கேயும்தான் பேசுவதில்லையே.

சின்ன அத்தை: நிலா விஷயம் என்ன ஆயிற்று? இப்போதெல்லாம் வகுப்பு முடிவதற்குள் இருட்டிவிடுகிறது.

பிரபு: கண்ணைப் பறிக்கிற மஞ்சளில் சட்டை போடட்டும் அத்தை.

பெரிய மாமா: அது பகலுக்கு. அந்த நிறம் பளிச்சிட வெயில் வேண்டும். இருட்டில், ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பட்டைதான் உதவும். அதைக் கணுக்காலில் கட்ட வேண்டும். மிதிக்க மிதிக்க மேலும் கீழும் ஆடுவதால் ஆள் போகிறது என்று தூரத்திலேயே புரியும். பின்னால் சிவப்பு விளக்கு, பகலிலும் எரியட்டும்.

நிலா: பள்ளியில் சிரிப்பார்கள்.

பிரபு: என் எக்ஸ்ரேயைக் காட்டு.

அம்மா: உள் சாலை வழியாகப் போகலாமே?

சின்ன மாமா: சுற்று அக்கா. ஜல்லி வேறு.

பெரிய மாமா: ஜல்லியில் தானாக விழலாம். எந்த வண்டியும் படாமல் விழுகிறவர்கள் நிறைய. போலீஸ் கணக்கில் அதெல்லாம் வராது. ஆனாலும் வேக வண்டி இல்லாத சுற்று வழியே மேல். விளக்கும் பட்டையும் நான் வாங்கித் தருகிறேன்.

சின்ன மாமா: வேண்டாம். என் பெண்ணுக்கு நானே வாங்குவேன்.

அம்மா: ஆரம்பித்துவிட்டார்கள்.

சித்தி: ஹெல்மெட்டை வைத்துக்கொள்ளலாமா? சின்ன விரிசல்தான்.

பெரிய மாமா: தூக்கிப் போடு. உள்ளே இருக்கிற நுரை ஒரு முறை நசுங்கினால் மறுபடி தாங்காது.

சின்ன அத்தை: சரி, இந்த வாரம் இவரே காரில் கொண்டுபோய் விடட்டும். அப்புறம் பார்க்கலாம்.

நிலா: அந்தச் சாலையில் 80இல் போவதே அப்பாதான்.

சின்ன மாமா: யார் சொன்னது?

பிரபு: நானும் பார்த்திருக்கிறேன் மாமா.

சித்தி: தம்பி, நாளை எத்தனை மணிக்கு வருகிறாய்? வரும்போது போன் சார்ஜர் எடுத்து வா. மெதுவாக வா.