புதுப்பிப்பு: நாவற்குடாவுக்கே வந்துவிட்டோம்

மட்டக்களப்பு டவுன் இருக்கும் புளியந்தீவுக்குள் வாடகைக்கு இருப்பதா, கல்லடிப் பாலம் தாண்டி நாவற்குடாப் பக்கம் போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் டவுனுக்குள்தான் இருக்கச் சொன்னீர்கள். கேட்கவில்லை, குடிவந்தாச்சு.

பாலத்தில் மாட்டிக்கொள்வாய் என்று ஒரு அண்ணன் பயமுறுத்தியிருந்தார். அது 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் காலத்துக் கதை. அந்தப் பக்க வாகனங்கள் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் காத்து நிற்க வேண்டும். 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தபிறகு அந்தத் தொல்லை இல்லை. பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் கொஞ்சம் நெரிசல்.

யாரும் சொல்லாத வசதி, பக்கத்தில் முஸ்லிம்கள் வாழும் கடைத்தெரு ஊரான காத்தான்குடி. துணி, பாத்திரம், ஆணி எது வேண்டுமானாலும் தெற்கே திரும்பினால் போதும். டவுனுக்குப் போவதே குறைந்துவிட்டது. வெள்ளி மதியம் ஜும்மாவுக்குக் கடைகள் பூட்டியிருக்கும், பார்த்துப் போங்கள்.

சரி, அமைதி? மெயின் ரோட்டை விட்டு ஒழுங்கைக்குள் வந்தால் உண்டு. ஆனால் விடிந்ததும் பாண் (பிரெட்) விற்கும் ஓட்டோ அதே பீத்தோவன் மெட்டோடு வரும். அது போய் முடிய மீன்காரர் ஹோர்ன் அடிப்பார். இரண்டும் வாசலுக்கே வருவதால் குறை சொல்ல மனமில்லை.

மாரியில் வெள்ளம் நிற்குமா என்று வீட்டுக்கார அக்காவிடம் கேட்டேன். "மணல்தானே தம்பி, வத்திரும்" என்றார். மார்கழியில் பார்ப்போம்.

வாடகை பற்றிக் கேட்டவர்களுக்கு: இங்கே முற்பணம்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். பேசினால் குறைப்பார்கள்.