உழைத்தால்தான் சோறு என்பது கட்டாயமாக இருக்க வேண்டுமா?

பொதிகைவாசி (கேள்வி)

வேலை செய்தால்தான் வயிறு நிறையும் என்பது இயற்கை விதியா, அல்லது நாமே வகுத்துக்கொண்ட ஏற்பாடா என்பது குறித்து இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வழங்கப்படுகிறது. எங்கள் தெருவில் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம், “உட்கார வைத்துச் சோறு போட்டால் எவன் வேலைக்குப் போவான்?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். அப்படிக் கேட்பவர்களில் ஒருவர் நான்கு வீடுகளை வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வருமானத்திலேயே நெடுங்காலமாக நிம்மதியாக இருப்பவர் என்பது தனிக் கதை. ஆனாலும் அவருடைய கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. உண்ணவும் உடுக்கவும் போதுமான தொகை (அடிப்படை வருமானம் என்கிறார்கள்) எல்லோருக்கும் நிபந்தனையின்றிக் கிடைக்குமானால் மக்கள் வேலைக்குப் போவார்களா? போகவில்லையென்றால் நெல்லை விளைவிப்பவர் யார், சாக்கடை அடைப்பை எடுப்பவர் யார்? எங்காவது இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா?

கணக்குப்புலி

செய்து பார்த்திருக்கிறார்கள். கிடைத்த முடிவு உங்கள் தெருக்காரர் அஞ்சுவதைப் போல இல்லை. பின்லாந்து அரசு 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில், வேலையில்லாதோரில் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து மாதம் 560 யூரோ கொடுத்தது. இடையில் வேலை கிடைத்தாலும் தொகை நிற்காது என்பதுதான் அதில் முக்கியமான ஏற்பாடு. அவர்கள் மற்ற வேலையில்லாதோரைவிடக் குறைவாக வேலை செய்யவில்லை. சற்றுக் கூடுதலாகவே செய்தார்கள், மன உளைச்சலும் குறைந்திருந்தது. கனடாவின் டாஃபின் என்ற சிற்றூரில் 1970களில் நடந்த இதுபோன்ற சோதனையில் வேலையைக் குறைத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார்களும், படிப்பைப் பாதியில் நிறுத்தாமல் பள்ளியில் தொடர்ந்த இளைஞர்களும்தான்.

நமக்கு நெருக்கமான சான்று மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் உதவியுடன் 2011இல் தொடங்கி, சில கிராமங்களில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரூபாயும் குழந்தைக்கு 100 ரூபாயும் எந்த நிபந்தனையும் இல்லாமல் வழங்கியது. பின்னர் அது 300, 150 என உயர்த்தப்பட்டது. அந்தப் பணத்தில் மக்கள் விதையும் உரமும் வாங்கினார்கள், ஆடு மாடு வாங்கினார்கள், கடனை அடைத்தார்கள். பலர் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு தங்களுடைய சொந்தத் துண்டு நிலத்தில் கூடுதலாகப் பாடுபட்டார்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்குக் கூலியாள் குறைந்ததுபோல் தோன்றும். உழைப்பு குறையவில்லை, யாருடைய நிலத்தில் உழைப்பது என்பதுதான் மாறியது.

எனினும் ஒன்றை மறைக்கக் கூடாது. இவையெல்லாம் காலவரம்பு உடையவை. இரண்டு ஆண்டுகளில் நின்றுவிடும் என்று தெரிந்த பணத்தை நம்பி யாரும் கையிலிருக்கும் வேலையை விடமாட்டார்கள். ஆயுள் முழுதும் போதிய அளவு கிடைக்குமானால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சோதனைகளை ஆதாரமாகக் காட்டுவது சரியாகாது.

வண்டல்மண்

நான் காவிரிப் படுகையில் நெல் பயிரிடுபவன். பின்லாந்தைப் பற்றி எனக்குத் தெரியாது; நாற்றங்காலைப் பற்றித் தெரியும். குறுகிய காலப் பயிரின் நாற்றை இருபத்தைந்து நாளுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். தள்ளிப்போனால் நாற்று முற்றித் தூர் கட்டுவது குறையும். அந்த நேரம் பார்த்து ஊரில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டால் நான் யாரிடம் போய் நிற்பது? நடவு, அறுவடைக் காலங்களிலாவது அந்த வேலையை நிறுத்திவைக்க வேண்டும் என்று எங்களைப் போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தோம். வேலை செய்தால்தான் கூலி என்ற திட்டத்திலேயே நிலைமை இப்படி இருக்கும்போது, ஒன்றும் செய்யாமலே பணம் வருமானால் வயலில் இறங்க ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். யாரையும் சோம்பேறி என்று சொல்லவில்லை. சேற்றில் குனிந்து நிற்பது எவ்வளவு கடினம் என்று அறிந்தவன் என்பதால்தான் சொல்கிறேன்.

மானாவாரி

வண்டல்மண் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் தாயார் நடவுக்கும் போயிருக்கிறார், நூறு நாள் வேலைக்கும் போயிருக்கிறார். கண்மாய்க்குள் வெட்டிய குழியைப் பணித்தளப் பொறுப்பாளர் அளந்து பார்ப்பார். மண் குறைந்தால் கூலியும் குறையும். காலையிலும் பிற்பகலிலும் செல்பேசிச் செயலியில் படம் எடுத்தால்தான் வருகை பதிவாகும். சிக்னல் கிடைக்காத கண்மாய்க் கரையில் அதற்காகக் காத்து நிற்பதே ஒரு வேலை. அங்கே சும்மா உட்கார்ந்து பணம் வாங்குகிறார்கள் என்று பேசுபவர்கள் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம்.

உங்கள் இழப்பை நான் மறுக்கவில்லை. நெல் கொள்முதல் விலை உங்கள் கையில் இல்லாதபோது கூலியை மட்டும் உயர்த்தச் சொல்வது எளிதன்று. ஆனால் வேறு வழி இல்லாத காரணத்தால், கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு, பேசிய பேச்சையும் கேட்டுக்கொண்டு வயலில் இறங்கிய காலத்தை “எல்லோரும் உழைத்த காலம்” என்று நினைவுகூர்வது எங்களைப் போன்றவர்களுக்கு இயலாது. மாற்று ஒன்று வந்த பிறகுதான் நடவாள்களால் ‘இந்தக் கூலிக்கு வரமாட்டோம்’ என்று சொல்ல முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. 2019இல் நாடு தழுவி எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்களுக்கு அது 97 நிமிடங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் உழைத்தும் ஒரு காசும் காணாதவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுப்பதை “உட்கார வைத்துச் சோறு போடுவது” என்று சொல்வதானால், அந்தச் சோற்றை வடித்தவர் யார் என்று அப்படிச் சொல்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஈரோட்டான்

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 140 கோடிப் பேருக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 16.8 லட்சம் கோடி ரூபாய் ஆகிறது. 2024-25ஆம் ஆண்டு மத்திய அரசின் மொத்தச் செலவுத் திட்டமே ஏறத்தாழ 48 லட்சம் கோடிதான். மூன்றில் ஒரு பங்கை விழுங்கும் அந்தத் தொகையைக் கொண்டு ஒருவர் பத்து நாளைக்குமேல் வயிறாரச் சாப்பிட முடியாது. செல்வம் கொழிக்கும் சுவிட்சர்லாந்திலேயே 2016இல் நடந்த பொது வாக்கெடுப்பில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவர்கள் இத்தகைய திட்டம் வேண்டாம் என்றார்கள். எனவே எல்லோரும் வேலையை விட்டுவிடுவார்களோ என்று நாம் இப்போது கவலைப்படத் தேவையில்லை.

சாக்கடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. குழிக்குள் இறங்கி வேலை செய்யும் இயந்திரமும் 2018இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அப்படியிருந்தும் ஆள் இறங்குவது நிற்கவில்லை. மறுக்க முடியாத நிலையில் சிலர் வைக்கப்பட்டிருப்பதும், அவர்கள் எந்தச் சாதியினர் என்பதும்தான் காரணம். அவர்களுக்கு அடிப்படை வருமானம் இருந்தால் சாக்கடை அடைத்துக்கொள்ளும் என்பதை என்னால் ஒரு வாதமாகவே ஏற்க முடியவில்லை.

என்னைக் கேட்டால், இனி உழைக்க முடியாதவர்களிடமிருந்து தொடங்கலாம். 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியவருக்கான தேசிய ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு பல ஆண்டுகளாக மாதம் 200 ரூபாயாகவே நிற்கிறது. தமிழ்நாட்டில் மாநில அரசு தன் பங்கைச் சேர்ப்பதால்தான் கையில் 1,200 ரூபாய் கிடைக்கிறது. எழுபது வயதில் சித்தாளாகச் செங்கல் சுமக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதச் செலவுக்குப் போதுமான ஓய்வூதியம் கொடுப்பதற்கு எந்த நாட்டுச் சோதனை முடிவும் தேவையில்லை.