நடை அளக்கப் போன இடத்தில் மறக்க முடியாதது எது?

கேமராப்பெட்டி:
போன வருடம் தென்காசிப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளிக்கு நடைப் பதிவு எடுக்கப் போனோம், பிள்ளைகள் எப்படி நடக்கிறார்கள் என்று கேமராவில் அளக்க. 8 கேமரா, முக்காலிகள், எல்லாம் சென்னையிலிருந்து ரயிலில். கூரையின் கண்ணாடி ஓட்டில் இறங்கிய வெயிலைப் போர்வை கட்டி மறைத்து, கேலிபரேஷன் (கேமராக்களை அளவுக்குச் சரிசெய்வது) முடிக்கவே மதியமாகிவிட்டது. அதை விடுங்கள்.

கடைசியாக வந்தவளுக்கு 6 வயது. சி.பி. (பெருமூளை வாதம்), இரண்டு காலும் நுனிக்கால் நடை. மார்க்கர் (ஒளியைத் திருப்பும் சின்ன உருண்டைகள்) ஒட்டிவிட்டுத் திரையைப் பார்த்தால் கணுக்கால் பக்கம் இல்லாத புள்ளிகள் மினுக்குகின்றன. கொலுசு! அகச்சிவப்பு ஒளி வெள்ளியில் பட்டுத் திரும்பினால் கேமராவுக்கு அதுவும் மார்க்கர்தான். கழற்றச் சொன்னேன். அம்மா தயங்கித் தயங்கிக் கழற்றினார்.

அப்புறம் அவள் நடக்கவே இல்லை. ஓர் அடி வைத்தாள், குனிந்து காலைப் பார்த்தாள், நின்றுவிட்டாள். பிஸ்கட், பலூன் எதற்கும் அசையவில்லை. கடைசியில் அம்மா அந்தக் கோடியில் நின்று கொலுசைக் கையில் வைத்துக் குலுக்கினார். வந்தாள். ஆனால் தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்தபடி, உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பி. 'செல்லாது' என்று குறித்தேன். 7 முறை எடுத்தோம், ஏழும் அப்படித்தான். அந்தக் கோப்புகளை இன்னும் அழிக்கவில்லை.

மூணாம்பெஞ்ச்அப்பா:
நாங்கள் அந்தப் பக்கம் நின்றவர்கள். ராத்திரி பஸ் பிடித்துப் போனால், ஏசி அறையில் பையனை ஜட்டியோடு நிறுத்தினார்கள். குளிரிலும் பயத்திலும் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டது. வீட்டில் அவனுக்கு அவ்வளவு இறுக்கம் கிடையாது. 15 தடவை நடக்கவைத்தார்கள், எதற்கென்று சொல்லவில்லை. பஸ் காசு கொடுத்தார்கள், கூலி போச்சு, பரவாயில்லை. குதிகால் தரையில் படுமா என்று கேட்டதற்கு, "இது ஆராய்ச்சிங்க" என்றார் ஒரு தம்பி. அதோடு சரி.

பிசியோ20வருஷம்:
15 தடவைக்குக் கோபப்படாதீங்க சார். தரையில் பதித்த, மிதிக்கும் விசையை அளக்கும் விசைத்தட்டில் ஒரே ஒரு பாதம், அதுவும் முழுசாக விழ வேண்டும். இதை மிதி என்று சொன்னால் பிள்ளை குறிவைத்து அடியை மாற்றிவிடும், அதனால்தான் சொல்வதில்லை. முடிவைச் சொல்லாதது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

கேமராப்பெட்டி, கொலுசுமேல் துணி டேப் சுற்றியிருக்கலாமே? அடுத்த முறை முந்தின நாளே அம்மாக்களிடம் சொல்லிவிடுங்கள், காலில் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று. ஆஸ்பத்திரி என்றாலே பளபளவென்று தடவித்தான் கூட்டி வருவார்கள், மார்க்கர் 5 நிமிடத்தில் உதிரும். ஸ்பிரிட் பஞ்சு கையில் இருக்கட்டும். முதலில் அப்பா கையில் ஒன்று ஒட்டிக் காட்டுங்கள். ஆட்டிசப் பிள்ளைகள் சிலருக்குத் தோலில் டேப் பட்டாலே ஆகாது, இறுக்கமான உடைமேல் ஒட்டுங்கள். கேமராவே எதற்கு, காலில் கட்டும் சென்சார் போதுமே என்பார்கள். நம்பிவிடாதீர்கள். பக்கத்தில் இரும்பு பெஞ்சு இருந்தால் காந்தப்புலம் கலைந்து, அந்தச் சென்சார்களில் பலவற்றுக்குத் திசை தப்பும். என் அனுபவமா? ஒரு பையன் மார்க்கரை மிட்டாய் என்று வாயில் போட்டுவிட்டான். அவ்வளவுதான்.

கேமராப்பெட்டி:
டேப் சுற்றியும் பார்த்தேன் சார். சத்தம் நின்றுபோச்சு. அதுதானே பிரச்சினையே.

தறிவீடு:
என் மகளுக்கு இடது பக்கம் மட்டும். அவள் நடப்பது சமையலறையிலிருந்தே எனக்குத் தெரியும். ஒரு ஜல், அப்புறம் இழுத்துக்கொண்டு இன்னொரு ஜல். பள்ளிவிட்டு வரும்போது அந்த இடைவெளி கூடியிருந்தால், கால் இறுகியிருக்கிறது என்று வெந்நீர் வைத்துவிடுவேன். எந்த டாக்டரும் இதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தம்பி, அந்த 7 கோப்பில் சத்தம் பதிவாகியிருக்கிறதா?