பக்கத்து பெட்ரோல் பங்க் கசிவு: வரம்புக்குள் இருந்தும் வீட்டு விலை ஏன் இறங்குகிறது?

கிணற்றடி:
ஆறு மாதமாக வீட்டை விற்கப் பார்க்கிறேன். பின்மதிலுக்கு அப்பால் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அதை மூடிய பிறகுதான் நிலத்தடித் தொட்டி கசிந்த விஷயமே வெளியே வந்தது. என் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுத்தேன்: பென்சீன் (பெட்ரோலில் இருக்கும், புற்றுநோய் தரக்கூடிய வேதிப்பொருள்) லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு 10. அறிக்கையைக் காட்டினால் வந்தவர் முகம் மாறிவிடுகிறது. போன வாரம் ஒருவர் வாளியை இறக்கி மோந்து பார்த்து, "வாடையே இல்லையே" என்றார். மறுநாள் அவரே பாதி விலைக்குக் கேட்டார்! வரம்புக்குள் இருக்கிற தண்ணீருக்கு எதற்குப் பாதி விலை?

குழாய்வீடு:
கிணற்றை மூடிவிட்டு வாயையும் மூடிக்கொள்ளுங்கள். கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.

மண்சோதனை:
வேண்டாம் சார். தெரிந்தே மறைத்து விற்றால் வழக்கு உங்கள் தலையில் விடியும். நான் மண்ணும் நிலத்தடி நீரும் சோதிக்கும் வேலையில் இருப்பவன். உங்கள் அறிக்கை ஒரு கிணறு, ஒரு நாள், அவ்வளவுதான். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதக்கும். நீர்மட்டம் இறங்கும்போது கூடவே இறங்கி மண்ணில் அப்பிக்கொள்ளும், மழைக்குப் பிறகு மறுபடி கரைந்து வரும். அடுத்த கோடையில் அந்த 2 என்னவாகும் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பாதி விலை கேட்டது அந்தத் தெரியாமைக்குத்தான். நிலத்தடி நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து, கண்காணிப்புத் துளைகள் (நீரை அவ்வப்போது எடுத்துச் சோதிக்கப் போடும் குழாய்த் துளைகள்) போட்டு, ஒரு வருஷமாவது அளந்த கணக்கு கையில் இருந்தால் பேச்சே வேறு. ஒரு நல்ல செய்தி: பென்சீனை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். இதுவே உலர்சலவைக் கடைக் கரைப்பான் என்றால் தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்கார்ந்து பல பத்தாண்டு கிடக்கும். தரை விரிசல் வழியாக ஆவி வீட்டுக்குள்ளேயே வரும். அந்த மாதிரி வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

பழையகணக்கு:
குழாய்வீடு சொன்னதில் பாதி சரி: கிணற்றை நம்பியிருக்க வேண்டாம் என்பது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஷேல் என்ற பாறையிலிருந்து எரிவாயு எடுக்கும் கிணறுகளுக்குப் பக்கத்து வீடுகளை ஆராய்ந்தார்கள் (2015). குடிக்கக் கிணற்று நீரை நம்பிய வீடுகளுக்கு விலை இறங்கியது, குழாய் நீர் வந்த வீடுகளுக்கு அப்படி இறங்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் 1,600 ஆலைகளை வைத்து வந்த இன்னொரு ஆய்வு, நச்சு வெளியிடும் ஆலை திறந்தால் அரை மைலுக்குள் உள்ள வீடுகளின் விலை சுமார் 11 சதவீதம் சரிகிறது என்றது. உங்களிடம் கேட்ட பாதி விலை அதோடு ஒப்பிட்டால் அநியாயம். ஆனால் சுத்தம் செய்தால் பழைய விலை வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ரசாயனக் கழிவு புதைத்த இடத்தில் எழுந்த குடியிருப்பு லவ் கெனால்; அங்கே 1978-இல் மக்களை வெளியேற்றினார்கள். 1990-இல் அங்குள்ள வீடுகளை மறுபடி விற்கத் தொடங்கியபோது, ஊர்ப் பெயரையே மாற்றியும் குறைந்த விலைக்குத்தான் கொடுத்தார்கள்.

கிணற்றடி:
'வீடு விற்பனைக்கு' பலகையை இப்போதைக்குக் கழற்றிவிட்டேன். குழாய் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. கண்காணிப்புத் துளைச் செலவை பங்க் முதலாளியிடம் கேட்கப் போகிறேன். அவர் மறுத்தால் அந்தக் கடிதமும் அறிக்கையோடு சேரும். மண்சோதனை சார், முதல் துளை மதிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

மண்சோதனை:
இரண்டு பக்கமும். அந்தப் பக்கத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.